பிறை தள்ளிப்போன விஸ்கித் திருவிழா

சனிக்கிழமை காலை டீ மாஸ்டர் கலந்தர் புதுச் சட்டையும் அத்தர் வாசனையுமாக வந்து நின்று அரை நாள் லீவு கேட்டார். எதற்கு என்று ஆன்டோ விசாரித்தான்.

"இன்னைக்கு மீலாது நபி சார். பள்ளிவாசலுக்குப் போயிட்டு மத்தியானத்துக்கு மேல வந்துடறேன்."

"அது நேத்தே முடிஞ்சிடுச்சே பாய்?"

"பிறை தெரியலையே சார். ஒரு நாள் தள்ளி அறிவிச்சு ரெண்டு வாரமாச்சு. நீங்க கேலண்டரைப் பாத்திருப்பீங்க."

ஆன்டோ கேலண்டரைத்தான் பார்த்திருந்தான். சுவாமிமலைக்குப் பக்கத்தில் ஆற்றங்கரை ரிசார்ட் ஒன்றுக்கு அவன் மேனேஜர். மீலாது நபியன்று எந்த பாரிலும் ஒரு சொட்டு ஊற்றக் கூடாது என்பது சட்டம். கேலண்டரில் அது வெள்ளிக்கிழமை என்று போட்டிருந்ததால், மறுநாள் சனிக்கிழமை விஸ்கித் திருவிழா என்று அழைப்பிதழ் அடித்து ஊரெல்லாம் கொடுத்துவிட்டான். நேற்று பாரை ஒழுங்காகப் பூட்டிவைத்து, வந்து கேட்டவர்களிடம் சட்டம் வேறு பேசியிருந்தான். பூட்ட வேண்டிய நாள் இன்று.

விழாவை நடத்தினால் லைசென்ஸ் போகும். நடத்தாவிட்டால் ஆன்டோவே போக வேண்டியதுதான். சென்னையில் இருக்கும் முதலாளி அதைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். விழா சொதப்பினால் அந்த நாற்காலியில் தன் மச்சான் வந்து உட்காருவான் என்று. நாலு ஊர் மாறி, மனைவி ஃபெபிக்குக் கும்பகோணத்தில் ஒரு நர்ஸ் வேலை கிடைத்து, இப்போதுதான் இருவரும் ஒரே வீட்டில் சாப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

தேதியையும் தள்ளிப்போட முடியாது. ஸ்காட்லாந்தில் ஏதோ ஒரு தீவில் பரம்பரையாக விஸ்கி காய்ச்சும் டங்கனும் அவர் மனைவி ஐலாவும் முந்தைய நாள் மாலையே வந்து இறங்கிவிட்டார்கள். ரிசார்ட் வேனில் அவர்களைத் திருச்சி விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்தவர் டிரைவர் இருதயசாமி. ஞாயிறு காலை அவர்கள் கிளம்பியாக வேண்டும்.

ஆன்டோ யோசித்தான். கலந்தரைப் பிடித்தான். மூன்று நிறத்தில் மூன்று தினுசாகப் பால் ஊற்றாத டீ போட முடியுமா என்று கேட்டான். கலந்தர் தயங்கவில்லை. ஒன்றில் ஏலத்தோல், ஒன்றில் பனங்கற்கண்டு, இன்னொன்றை விறகடுப்பில் வைத்துப் புகை ஏற்றிவிடலாம் என்றார்.

"டீ போடுறது என் வேலை சார். அதை விஸ்கின்னு சொல்றது உங்க பொறுப்பு."

அடுத்து டங்கனின் அறைக்கு ஓடினான். சந்தேகம் வராதபடி மெல்ல ஆரம்பித்தான். விருந்தாளிகள் கையால் ஊற்றுவது எங்கள் ஊர் மரியாதை இல்லை, பாட்டில்களைக் கொடுங்கள், நாங்களே உள்ளே ஊற்றிக் கிளாஸில் கொண்டுவருகிறோம் என்றான். பெரிய வாக்குவாதம் வரும் என்று பயந்துகொண்டிருந்தவனிடம் டங்கன் பன்னிரண்டு பாட்டில்களையும் உடனே தூக்கிக் கொடுத்தார். இவ்வளவு நல்ல மனிதர்களையா ஏமாற்றப்போகிறோம் என்று ஆன்டோவுக்கு உறுத்தியது. பாட்டில்களைத் துணி துவைக்கும் அறையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டான்.

மாலையில் டாக்டர்கள், காண்ட்ராக்டர்கள், ரைஸ்மில்காரர்கள் என்று ஊரின் பெரிய மனிதர்கள் வந்து உட்கார்ந்தார்கள். முதல் கிளாஸ் போயிற்று. ஆன்டோ கும்பிடாத சாமி இல்லை, வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாகவும் வேண்டிக்கொண்டான்.

டங்கன் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார். அவர் நெற்றி வியர்த்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, இதில் கடற்காற்று இருக்கிறது, காட்டுத்தேன் இருக்கிறது என்று விளக்கினார். ஆன்டோவால் நம்ப முடியவில்லை. முப்பது வருஷம் விஸ்கி காய்ச்சியவருக்குக் கலந்தரின் டீ தெரியவில்லை என்றால் அந்தத் தீவில் இவர்கள் என்னத்தைத்தான் காய்ச்சுகிறார்கள்? இரண்டாவது கிளாஸில் ஏலத்தோல் வாசனை அடித்தபோது மட்டும் டங்கன் ஒரு கணம் திகைத்து மனைவியைப் பார்த்தார். ஐலா குனிந்து தரையைப் பார்த்தாள்.

பெரிய மனிதர்கள் தலையாட்டினார்கள். இது டீ மாதிரி இருக்கிறதே என்று முதலில் சொல்லிப் பட்டிக்காட்டான் பட்டம் வாங்க அங்கே ஒருவரும் தயாராக இல்லை. ரைஸ்மில் உப்பிலி மூன்றாவது கிளாஸில் கண் கலங்கி, போன குறுவையில் தம்பி வயலுக்குப் போக வேண்டிய தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டதைச் சபையில் ஒப்புக்கொண்டார். பக்கத்தில் இருந்த காண்ட்ராக்டர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தானும் அழுதார். அழுது முடித்த உப்பிலி அதைப் படமெடுத்து, 'விஸ்கித் திருவிழாவில் நாங்கள்' என்று வாட்ஸ்அப்பில் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் மதுவிலக்குப் பிரிவு இன்ஸ்பெக்டர் ஹமீதா பானு ஜீப்பில் வந்து இறங்கினார். அந்த அம்மாள் நேராக ஒரு கிளாஸை எடுத்து முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். ஒரு வாய் குடித்தும் பார்த்தார். ஆன்டோ அவரை ஓரமாகக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் கொட்டினான்.

"டீயை விஸ்கின்னு சொல்றதுக்கு என்கிட்ட செக்‌ஷன் எதுவும் இல்லைங்க," என்றார் அவர். "நிஜ சரக்கு எங்கே?"

துணி அறையைத் திறந்து காட்டினான். டங்கனும் ஐலாவும் பின்னாலேயே ஓடிவந்தார்கள். ஹமீதா பானு ஒரு பாட்டிலை எடுத்து மூடியில் கை வைத்ததும், ஐலா கையிலிருந்த கிளாஸ் கீழே விழுந்து நொறுங்கியது. எல்லோரும் பதறிக் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினார்கள். பூட்டியே இருக்கட்டும், நாளைக்கு என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் போய்விட்டார்.

ஞாயிறு காலை டங்கன் ஆன்டோவைக் கட்டிக்கொண்டு, உன்னைப் போன்ற பெருந்தன்மைக்காரனைப் பார்த்ததில்லை என்றார். எதற்கு அப்படிச் சொன்னார் என்று ஆன்டோவுக்குப் புரியவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பதற்குள், பாட்டில்கள் எல்லாம் எங்கள் அன்பளிப்பு என்று கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, அவசர அவசரமாக வேனில் ஏறினார்கள்.

வேன் அந்தப் பக்கம் போனதும் முதலாளி போனில் வந்தார். உப்பிலி அவரிடம் ஒரு மணி நேரம் புகழ்ந்திருக்கிறார். ஆன்டோதான் இனி நிரந்தர மேனேஜர், மச்சானுக்கு வேறு கடை பார்த்துக்கொள்கிறேன் என்றார். கூடவே, மந்திரி வீட்டு ஆட்களோடு மாலையில் தானே வருவதாகவும், அந்தப் பன்னிரண்டு பாட்டிலையும் தன் கையால் திறந்து ஊற்றப்போவதாகவும் சொன்னார்.

இருதயசாமி விமான நிலையம் போய்த் திரும்பியபோது, ஆன்டோ துணி அறையிலிருந்து பாட்டில்களைக் குழந்தையைத் தூக்குவது போல ஒவ்வொன்றாகத் தூக்கி பாருக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தான். அண்ணே, ஒரு கை கொடுங்க, ஒண்ணும் உடைஞ்சிடக் கூடாது, முதலாளி வர்றார் என்றான்.

இருதயசாமி ஒன்றை வாங்கி ஆட்டிப் பார்த்தார்.

"அவங்க சரக்குப் பெட்டிதான் பிளேன் மாறி வேற ஊருக்குப் போயிடுச்சே தம்பி, காட்சிக்கு வச்சிருந்த காலி பாட்டில்ல அய்யம்பேட்டை டீக்கடையில நான்தானே நின்னு பாலில்லாத டீ ஊத்தி வாங்கியாந்தேன், ரெண்டு நாளாச்சு, ஊசியிருக்கும், கொட்டிடட்டுமா?"