உலகத்திலேயே ஒண்ணுதான்

மாப்பிள்ளை வாயைப் பிளந்ததுதான் தப்பு.

மாமனாரின் கண்ணாடி பீரோவுக்கு முன்னால் வாயைப் பிளக்காமல் யாரால் நிற்க முடியும்? உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீலக் கனசதுரம். உளி படாமல், அரம் படாமல், பூமிக்கடியில் இருட்டில் தானாக வளர்ந்ததாம். ஓரம் ஒவ்வொன்றும் நூல் பிடித்தாற்போல் நேர். ஜன்னல் வெயில் பட்டதும் அதற்குள் ஒரு துண்டு வானம் கண் விழித்தது.

கல்யாணமாகி ஆறு மாதத்தில் இன்றைக்குத்தான் மாமனார் நம்பிச் சாவியைக் கொடுத்திருந்தார்.

"உலகத்திலேயே ஒண்ணுதான் மாப்பிள்ளை. அஞ்சு மணிக்குப் படிகச் சங்கத் தலைவரைக் கூட்டிட்டு வரேன். பீரோவைத் துடைச்சு வைங்க. கல்லு மேல மூச்சுகூடப் படக்கூடாது."

மூச்சு படவில்லை. பிளந்த வாயிலிருந்து எச்சில் பட்டது. ஒரே சொட்டு.

ஈரத்துணியால் ஒற்றினார். குழி விழுந்தது. குழியைச் சமன் செய்யத் தேய்த்தார்; ஒரு மூலை மழுங்கியது. ஒன்று மட்டும் மழுங்கினால் கண்ணை உறுத்துமே என்று மற்ற ஏழையும் மழுக்கினார். உலக அதிசயம் இப்போது பாதி தேய்ந்த சோப்பு. குழாயடியில் காட்டினார். கல் கையிலேயே இளைத்தது. விரலை நக்கிப் பார்த்தால் ஏழு கடலும் கரித்தது.

அலுவலகத்திலிருந்த மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, மாமா கல்லுக்குக் கீழே வச்ச சீட்டுல ஹாலைட்னு எழுதியிருக்கே, அப்படின்னா என்ன?"

"கல்லுப்பு. ஏன்?"

"சும்மா, பொது அறிவுக்கு."

"கழுவிட்டீங்களா?"

போனை வைத்துவிட்டார்.

ஈரம் போகட்டுமென்று தலைமுடி உலர்த்தும் மெஷினைப் பிடித்தார். டப்பென்று பிளந்தது. உலகத்திலேயே ஒன்றாக இருந்தது, இரண்டாகிவிட்டது.

ஆனால் கல்லின் பிளந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே. மறுபடியும் நூல் பிடித்த நேர், கண்ணாடி வழவழப்பு, உள்ளே அதே வானம். உடைத்தாலும் ஒழுங்கு தவறாத ஒரு பொருளை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. வாய் தானாகப் பிளந்தது. இம்முறை கையால் பொத்திக்கொண்டார்.

வாசலில் கார் வந்து நின்றது. ஆறு மாத மரியாதை குழாயோடு போயிற்று என்று அவர் இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்க்க, சமையலறையிலிருந்து மாமியார் வந்தார். மாப்பிள்ளையின் கையிலிருந்த துண்டுகளை நிதானமாகப் பார்த்தார்.

"பரவாயில்லையே மாப்பிள்ளை, உங்க மாமா கழுவினப்ப இந்த அளவுகூட மிஞ்சல. பரண் மேல பழைய செருப்புப் பெட்டியில இன்னும் மூணு வாங்கி ஒளிச்சு வச்சிருக்கார், ஒண்ண எடுத்து வச்சிடுங்க. எனக்குத் தெரியும்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க."