கடுங்காப்பி உண்டு

வறுமையைத் திறப்பு விழா நடத்தித் தொடங்கிய மனிதர் தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான். அவர் கோவில்பட்டியில் எங்கள் தெருமுனையில் இருந்தார். பெயர் பிளெக்ஸ் அண்ணாச்சி. சொந்தப் பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருந்திருக்கும். நிருபர் வேலைக்காக அவருடைய எதிர்வீட்டு மாடியில் நான் ஆறு வருடம் குடியிருந்தேன். அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

அண்ணாச்சி பிளெக்ஸ் பேனர் அடிக்கும் மிஷின் ஒன்று வைத்திருந்தார். யார் வீட்டில் காது குத்தினாலும், யார் கட்சி மாறினாலும், யார் செத்தாலும் அவருக்கு வேலை. பிறகு பேனர் வைக்கக் கெடுபிடி வந்தது. பைபாஸ் பக்கம் பெரிய மிஷினோடு ஒருவர் கடை போட்டார். இரண்டையும் சமாளித்துவிட்டார். ஆனால் ஊரே வாழ்த்தையும் அஞ்சலியையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கக் கற்றுக்கொண்டதும் விழுந்துவிட்டார்.

"எல்லாவனும் ஓசியில சாகுதான் தம்பி," என்றார் என்னிடம்.

மகள் கவிதா திருநெல்வேலியில் நர்சிங் இரண்டாம் வருடம். லீவுக்கு வந்தவள் வீட்டு நிலவரத்தைப் பார்த்தாள். இந்த வருடத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு நூல் மில்லுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஹாஸ்டலுக்குத் திரும்பினாள். அண்ணாச்சி வாதாடவில்லை. மறுநாள் பைக்கில் போனவர் காலேஜ் பீஸ் கட்டிய ரசீதோடு சைக்கிளில் திரும்பி வந்தார். அதுதான் பதில்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒவ்வொன்றாக நின்றது. கேபிள் நின்றது. கேஸ் அடுப்பு பரணுக்குப் போனது. பருத்தி எடுத்து முடித்த காடுகளில் கிடக்கிற காய்ந்த பருத்திமார்க் குச்சிகளை அண்ணாச்சி சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார். அடுப்பு அதில் எரிந்தது. காலையில் கம்மங்கஞ்சி, சாயந்தரம் மீதிக் கம்மங்கஞ்சி. கடையில் தேங்கிக் கிடந்த பழைய பேனர்களெல்லாம் வீட்டுச் சாமான் ஆயின. ஒழுகுகிற இடத்தில் ஒரு பூப்புனித நீராட்டு விழா, சாப்பிட உட்கார ஒரு புதுமணத் தம்பதி, குளியலறை வாசலில் வார்டு தேர்தலில் நின்று தோற்ற ஒரு வேட்பாளர்.

அந்த வேட்பாளர் ஒருநாள் தற்செயலாக வீட்டுக்கு வந்துவிட்டார். தன் முகத்தைத் தள்ளிக்கொண்டு ஒருவர் துண்டோடு வெளியே வருவதைப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, இங்கன கொண்டு மாட்டிருக்கீய?"

"தோத்த பிறகு உங்களத் தினமும் நெனைக்க வேற எவன் இருக்கான் சொல்லுங்க," என்றார் அண்ணாச்சி. வேட்பாளர் யோசித்துப் பார்த்துவிட்டுக் கடுங்காப்பி குடித்துப் போனார்.

எல்லாம் சரியாகத்தான் நடந்தது. அண்ணாச்சியின் மனைவி, எனக்கு மதினி, அவருக்குத்தான் தாங்கவில்லை. வருகிறவர்கள் எல்லாம் 'ஏன் பால் இல்ல, ஏன் டிவி ஓடல, கல்யாணத்துக்கு வந்து ஏன் மொய், செய்முறை ஒண்ணும் செய்யல' என்று கேட்டார்கள்.

"ஒவ்வொருத்தர்ட்டயும் சொல்லிச் சொல்லித் தெனமும் கொஞ்சங் கொஞ்சமா மானம் போகுது," என்றார் மதினி.

"ஒவ்வொருத்தர்ட்டயா ஏன் சொல்லணும்? ஒரே நாள்ல எல்லாருக்கும் சொல்லிருவோம்," என்றார் அண்ணாச்சி.

ஊருக்கு ஒன்றைச் சொல்ல அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மிஷினை விற்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு பேனர் அடித்தார். பிழை பார்க்க என்னிடம் கொண்டுவந்தார். அதில் இருந்தது இது:

'அறிவிப்பு. ஊராருக்கும் உறவினருக்கும் பிளெக்ஸ் அண்ணாச்சி குடும்பத்தாரின் வணக்கம். இன்று முதல் எங்கள் வீட்டில் சிக்கனம் ஆரம்பம். பால் காப்பி கிடையாது. கடுங்காப்பி உண்டு. விசேஷங்களுக்கு வருவோம், பந்தி பரிமாறுவோம், செய்முறை செய்ய இயலாது. கேபிள், கேஸ், ஞாயிற்றுக்கிழமைக் கறி ஆகியவை நிறுத்தப்பட்டுள்ளன. மகள் படிப்பு மட்டும் வழக்கம்போல் நடைபெறும்.'

நான் இரண்டு இடத்தில் ஒற்று போட்டுக் கொடுத்தேன். மொத்தப் பேனருமே பிழை என்பது என் கண்ணில் படவில்லை. மிஷினில் மிச்சமிருந்தது கறுப்பு மை மட்டும். கம்ப்யூட்டரில் இருந்த அவருடைய படம் ஒன்றே ஒன்று, ஒரு கும்பாபிஷேகத்துக்கு எல்லாரையும் வரவேற்றுக் கும்பிட்டு நின்றது. அதைப் பேனரில் முக்கால்வாசிக்கு வைத்திருந்தார்.

விடிந்ததும் தெருமுனையில் தன் வீட்டுச் சுவரிலேயே கட்டினார். முறைப்படி ஊதுவத்தி கொளுத்தி, தேங்காய் உடைத்து, தேங்காயைச் சட்னிக்கு உள்ளே அனுப்பிவிட்டுப் பருத்திமார் எடுக்கச் சைக்கிளில் கிளம்பினார்.

எட்டயபுரம் பஸ் எல்லாம் அந்த முனையைத் தாண்டித்தான் ஊருக்குள் வரும். ஜன்னலோரம் இருந்தவர்கள் பார்த்தார்கள். கறுப்பு வெள்ளையில் கும்பிட்ட கை, கீழே புகைகிற ஊதுவத்தி. பத்து மணிக்கு மதினியின் அண்ணன், அண்ணாச்சிக்கு மச்சான், பன்னிரண்டு பேரோடும் ரோஜா மாலையோடும் வந்து இறங்கிவிட்டார். அப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு கதவைத் திறந்த மதினியைப் பார்த்ததும் பெண்கள் கட்டிப்பிடித்து அழ ஆரம்பித்தார்கள். என்ன ஏது என்று தெரியாமலே மதினியும் அழுதார். எவரோ கவிதாவுக்குப் போன் போட்டுவிட்டார்கள். என் பங்குக்கு நானும் மாடியிலிருந்து இறங்கி வந்து, எல்லாரும் உட்கார என் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொடுத்தேன். செய்தியைச் சரிபார்க்கத் தோன்றவில்லை. இத்தனைக்கும் காலையில் அவர் சைக்கிள் மிதித்துப் போனதைப் பார்த்தவன் நான்.

அந்த நேரத்தில் தெருமுனையில் ஒரு பெரிய சுமை அசைந்து வந்தது. சைக்கிளும் தெரியவில்லை, ஓட்டுகிறவரும் தெரியவில்லை.

"வெறகும் வந்துட்டு," என்றார் கூட்டத்தில் ஒருவர்.

விறகுக்குப் பின்னாலிருந்து அண்ணாச்சி இறங்கினார். அழுகை பாதியில் நின்றது. மச்சான்தான் முதலில் பேசினார்.

"மாப்ள, நீரு உயிரோடவா இருக்கீரு?"

"பின்ன எப்படி மச்சான் இருக்கச் சொல்லுதீரு? சுவத்துல எழுதிருக்கத வாசிச்சீரா?"

"பஸ்ல போறவன் படத்தப் பாப்பானா, எழுத்த வாசிப்பானா?"

அண்ணாச்சி பேனர் அருகே போனார். ரோட்டுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. தொழில்காரனின் வருத்தம் அது.

"தப்பு எம்மேலதான். எழுத்து சைஸ் பத்தல."

பிறகு ஒரு காரியம் செய்தார். வந்தவர்களை வரிசையாக உட்காரவைத்து, அந்த அறிவிப்பை முதலிலிருந்து கடைசிவரை உரக்க வாசித்தார். மதினி எல்லாருக்கும் கடுங்காப்பி கொடுத்தார். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே நாளில் சொல்லியாகிவிட்டது. செத்துப்போன மனிதர் திரும்பிக் கிடைத்த சந்தோஷத்தில் பாலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மாலையை மட்டும் என்ன செய்வது என்று மச்சான் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

மத்தியானம் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் கவிதா வந்தாள். விஷயம் ரயிலிலேயே போனில் தெரிந்திருந்தது. ஆனாலும் அப்பாவைப் பார்த்ததும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பையைக் கீழே வைத்தாள். அது லீவுக்குக் கொண்டுவருகிற பை இல்லை. எல்லாவற்றையும் கட்டி எடுத்து வந்திருந்தாள்.

"நான் இனிமே போமாட்டேம்ப்பா. மில்லுல கேட்டுட்டேன். திங்கக்கிழமை வரச் சொல்லிருக்காவ."

தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணாச்சி அவள் கையைப் பிடித்துப் பேனருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"வாசி."

வாசித்தாள்.

"இங்கன இருக்க எல்லாரும் கேட்டுட்டாவ. இத மாத்தணும்னா வேற பிளெக்ஸ் அடிக்கணும். மை இல்ல."

அவர் குரலில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. கடையில் ஆர்டர் எடுக்கும்போது பேசுவது போலவே பேசினார். கவிதா சாயந்தர வண்டியில் திருநெல்வேலிக்குத் திரும்பினாள். பையை மச்சான் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன்வரை போனார்.

மிச்சமிருந்த பேனர்களை ஒட்டுப்போட்டுத் தைத்து, களத்தில் விரிக்கிற படுதாவாக ஊர் ஊராகச் சைக்கிளில் கொண்டுபோய் விற்றார் அண்ணாச்சி. அந்த வருடங்களில் கரிசல் காட்டுக் களங்களில் தலைவர்கள் மல்லாந்து கிடந்தார்கள். அவர்கள் நெஞ்சில் உளுந்தும் கொத்தமல்லியும் காய்ந்தன.

கவிதா மதுரையில் வேலைக்குச் சேர்ந்த வாரம் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். மதினி எனக்குப் பால் காப்பி கொடுத்தார். அண்ணாச்சி கையில் கடுங்காப்பி.

"இன்னும் எதுக்கு அண்ணாச்சி?"

"நாக்கு பழகிட்டு தம்பி. அதப் போயி இப்ப எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு."

பேனரை அன்றுதான் அவிழ்த்தார். அடுத்த மாதம் எனக்கு மாற்றல் வந்தபோது மடித்துக் கையில் கொடுத்தார். "வண்டிய மூட வச்சுக்கிடும். மழ எறங்காது," என்றார்.

இப்போது வேறு ஊரில் இருக்கிறேன். என் ஸ்கூட்டர் மேல் அண்ணாச்சி கும்பிட்டுக்கொண்டு கிடக்கிறார். "யாரு சார், எப்ப இறந்தாரு?" என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். என் வீட்டில், வண்டிக்குக் கடையிலிருந்து நல்ல உறை ஒன்று வாங்கித் தந்திருக்கிறார்கள். அது பிரிக்காமல் பீரோ மேல் இருக்கிறது. காலையில் வண்டி எடுக்கும்போது, தெருவில் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, நானும் ஒரு கும்பிடு போடுகிறேன்.