செல்வி அக்கா கடல் மேல நடந்த கதை

திங்கட்கிழமை எனக்கு ஒரே வேலைதான். திருவொற்றியூர் குப்பத்துல பத்துப் பெண்களோட போன்ல, நடையை எண்ணுற ஆப்பை ஏத்திவிடணும். வாரக் கடைசியில கணக்கை எங்க உடற்பயிற்சித் திட்ட ஆபீசுக்கு அனுப்பணும். ஒழுங்கா முடிச்சா என் தற்காலிக வேலை நிரந்தரமாகும். எங்க வீட்டுல முதல் டிகிரி நான்தான். வேலை கைவிட்டுப் போயிடுமோங்கிற பயத்துல ஒவ்வொரு போனையும் ரெண்டு தடவை சரிபார்த்தேன்.

மீன் விக்கிற செல்வி அக்கா சிரிச்சாங்க. “தெரு தெருவா கூடை தூக்கிகினு நடக்கிறேன். அத எண்றதுக்கு ஒரு ஆளா நைனா?”

மறுநாளே அக்கா கணக்குல நாற்பதாயிரம் காலடி. பெருமை தாங்காம ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஆபீஸ் குரூப்புல போட்டேன்.

கொஞ்ச நேரத்துல ஆபீஸ் மேடம் போன் பண்ணாங்க. “தம்பி, ஆப்புல மேப்பைப் பாத்தியா?”

பாத்தேன். அக்கா கரையிலேர்ந்து நேரா கிழக்கே போயிருக்காங்க. கிழக்கே கடல்தான்.

“இவங்க தண்ணி மேல நடக்கறாங்களா?”

“விசாரிச்சு சொல்றேன் மேடம்”னேன். இதுல விசாரிக்க என்ன இருக்குன்னு அப்புறம்தான் தோணுச்சு.

ஓடினேன். அக்கா வாசல்ல கூடை கழுவிக்கிட்டு இருந்தாங்க.

“அக்கா, உங்க போன் எங்க?”

“வூட்டுக்காரரு கைல. வூட்டுக்கே ஒரு போனுதான் கீது. கடலுக்கு எடுத்துனு பூடுவாரு.”

பக்கத்துல வலை பிரிச்சுக்கிட்டிருந்த அவர் நிமிர்ந்தார். “என்ஜின் பெட்டி மேல வெச்சிருந்தேன் தம்பி. தடதடன்னு ஆடிகினே கெடந்துச்சு. ஏன், ரிப்பேரா?”

ஆக, நாற்பதாயிரம் அடி நடந்தது படகு என்ஜின். அக்கா நடந்ததுல ஒரு அடி கூட ஏறல.

மத்த ஒன்பது வீட்டுலயும் கேட்டேன். அதுல ஏழு போன் தினமும் கடலுக்குத்தான் போகுது.

எனக்குப் பொய் வராது. மேடம்கிட்ட அப்படியே சொல்லிட்டு, வேலை போச்சுன்னு கண்ணை மூடிக்கிட்டேன்.

“உன்கிட்ட போன் இருக்குல்ல? அவங்க கூடவே நடந்து எண்ணு. கணக்கு வந்தாதான் உன் நிரந்தர வேலை பைலை மேல அனுப்புவேன்.”

மறுநாள்லேர்ந்து எட்டுப் பேர் பின்னாலயும் முறை வெச்சு நடந்தேன். செல்வி அக்கா முறையில, கூடையோட அக்கா முன்னாடி, போனோட நான் பின்னாடி. அக்காவுக்கு மூச்சே வாங்கல. நான் ரெண்டு தெருவுக்கு ஒரு தடவை உக்காந்தேன்.

மீன் வாங்க வந்த ஒரு அம்மா கேட்டாங்க. “யாரு செல்வி இது, பின்னாலயே வருது?”

“இத்தினி நாளா கூடை பின்னால பூனை வரும்க்கா. இப்போ டிகிரி வருது.”

வாரக் கடைசியில எனக்கும் மூச்சு வாங்கறது நின்னுச்சு. பைலும் மேல போச்சு. கணக்கோட அனுப்பற படிவத்துல ‘உடற்தகுதி மேம்பட்டவர்கள்’னு ஒரு கட்டம் இருந்துச்சு.

ஒருத்தர்னு எழுதி, என் பேரைப் போட்டேன்.