தலை நுழையாத ஸ்வெட்டர்

நாகநாதன் ஸ்வெட்டர் பின்னப் போவதாக அறிவித்த அன்று பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். இரண்டில் எது பெரிய ஆபத்து என்று அவர் மனைவி பூமயிலுக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

"ஸ்வெட்டரா? யாருக்கு?"

"சிநேகாவுக்கு."

பூமயில் படித்துக்கொண்டிருந்த துப்பறியும் நாவலை மூடினாள். கொலைகாரன் யாரென்று தெரிவதற்கு முன்னால் அவள் ஒரு நாவலை மூடியது அதுதான் முதல் தடவை.

சிநேகா அவர்களுடைய ஒரே மகள். ஜெர்மனியில் நர்ஸ். போன வருஷம் அவள் கிளம்பிய அன்று நாகநாதன் வாசலில் நின்று, "போனா அப்படியே போயிரு" என்று சொல்லிவிட்டார். கோபத்தில் சொன்னதுதான். அவளும் கோபத்தில் அப்படியே போய்விட்டாள். அதிலிருந்து தினமும் அம்மாவுக்குப் போன் வரும். அப்பாவுக்கு வராது. பூமயில் ஸ்பீக்கரைப் போட்டுத்தான் பேசுவாள்.

"அப்பா சாப்ட்டாரானு கேளும்மா."

"சாப்ட்டீங்களானு கேக்குறா."

"சாப்ட்டேன்னு சொல்லு."

"சாப்ட்டாராம்டி."

மூன்று பேருக்கும் எல்லாம் கேட்கும். ஆனாலும் ஒவ்வொரு வார்த்தையும் பூமயில் வழியாகத்தான் போய்வர வேண்டும். பாலத்தைத் தாண்டாமல் தீவுக்குள் எதுவும் வர முடியாதில்லையா, அந்த மாதிரி.

அந்த வாரம் சிநேகா, "இங்க குளிர் எலும்புக்குள்ள போகுதும்மா" என்றாள். நாகநாதனுக்கு அது நெஞ்சுக்குள் போனது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. சரி, கையாவது வரட்டும் என்று முடிவு செய்தார். ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுசு முழுக்கச் சாவி கொடுத்துச் சாவி வாங்கிய கை அது. வேறு எதுவும் அதற்குத் தெரியாது.

பக்கத்து வீட்டு உம்மு ஹபீபா பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் டீச்சராக இருந்தவர். நீல உல்லன் நூலும் இரண்டு ஊசியும் கொடுத்து அவரே சொல்லித்தரவும் செய்தார். அவர் மகன் வசீமும் ஜெர்மனியில்தான் இருந்தான். லீவு முடிந்து மாதக் கடைசியில் திரும்பும்போது ஸ்வெட்டரைக் கொண்டுபோய்ச் சிநேகாவிடம் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தான்.

"கண்ணியை நேராப் போட்டா நிட், புரட்டிப் போட்டா பர்ல். அம்புட்டுத்தாண்ணே."

"பர்லுன்னா முத்துல்ல டீச்சர்? அதை எங்கன கோக்குறது?"

உம்மு ஹபீபா அவர் கையிலிருந்து ஊசியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அது வேற பர்லுண்ணே."

மழைக்காலம் என்றுதான் பேர். மழை விட்ட நேரமெல்லாம் புழுங்கித் தள்ளியது. மடியில் கம்பளி, முதுகில் வேர்வை. ஸ்வெட்டர் என்பது போடுகிறவருக்காக வைத்த பேர் இல்லை, பின்னுகிறவரைப் பார்த்து வைத்த பேர் என்று நாகநாதனுக்குப் பட்டது. கடலுக்குப் போக முடியாமல் வலையைத் தைத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு மருதுபாண்டி எழுந்து வந்து பார்த்தான். ஸ்வெட்டரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான்.

"சித்தப்பா, கண்ணி ரொம்பப் பெருசா இருக்கே. இதுல நண்டுகூட நிக்காதே?"

தனியாக உட்கார்ந்தால் மனசு கெட்டுப்போகிறது என்று, போனைச் சொம்பில் சாய்த்துவைத்துப் புதுப் படங்கள் பார்த்தபடியே பின்னினார். இப்போது வருகிற படங்களில் யாரும் பேசுவதில்லை. வெட்டுகிறார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு கண்ணி நழுவியது. வெட்டே இல்லாத படமாகத் தேடி ஒன்றைப் போட்டார். அதில் ஒரு அப்பா ஏர்போர்ட்டில் மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறார். படத்தை நிறுத்திவிட்டு மடியைப் பார்த்தால், முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்துப் பின்னியிருந்தார். அன்றைக்கு முழுவதும் பிரித்ததோடு சரி.

"படமே வேணாம். நான் கதை படிக்கிறேன், கேட்டுக்கிட்டே பின்னுங்க" என்று பூமயில் நூலகத்துப் புத்தகம் ஒன்றை எடுத்து உரக்கப் படித்தாள். முதல் பக்கத்திலிருந்து எல்லாரும் அழுதுகொண்டே இருக்கிற குடும்பக் கதை. கடைசி அத்தியாயத்தை யாரோ கிழித்திருந்தார்கள்.

"கடைசியில என்னதான் ஆச்சு?"

"எல்லாரும் செத்துருப்பாக. படிச்ச புண்ணியவான், அடுத்தவனாச்சும் நல்லாருக்கட்டும்னு கிழிச்சுட்டான்."

ஒருவழியாக ஸ்வெட்டர் முடிந்தது. ஒரு கை முழங்கையோடு நின்றது. இன்னொரு கை முழங்காலைத் தொட்டது. நாகநாதன் தலையில் மாட்டிப் பார்த்தார். காதோடு நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. உள்ளே ஒரே இருட்டு. வெளியே பூமயில் குரல் மட்டும் கேட்டது.

"என்னங்க, உள்ள இருக்கீகளா?"

இழுத்து வெளியே எடுத்தபோது காது இரண்டும் சிவந்திருந்தன. கண்ணும்தான். வசீம் மறுநாள் கிளம்புகிறான். இதை அனுப்பினால் மகள் என்ன நினைப்பாள்? வாயாலும் காயப்படுத்தினார், கையாலும் காயப்படுத்துகிறார் என்றுதானே?

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வடநாட்டு யாத்திரீகர்கள் குளிரிலிருந்து கிளம்பி வருவார்கள். ராமேஸ்வரத்து வெயிலில் ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டு, லாட்ஜிலேயே மறந்துவிட்டுப் போவார்கள். ஸ்டோர் ரூமில் ஒரு பெட்டி நிறையக் கிடக்கும். பஸ் ஏறிப் போனார். புது மேனேஜர் மாரீஸ்வரன், "வேணுங்கிறதை எடுத்துக்கங்கண்ணே" என்றான். கையால் பின்னிய நீல ஸ்வெட்டராகப் பார்த்து எடுத்தார். கம்பெனி லேபிள் கிடையாது. வீட்டுக்கு வந்ததும் தான் பின்னியதைப் பரணில் பழைய பாய்க்குப் பின்னால் செருகினார்.

"முடிஞ்சிருச்சு" என்று லாட்ஜ் ஸ்வெட்டரைப் பூமயிலிடம் நீட்டினார்.

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "காலையில ஒரு கை முழங்கால் வரைக்கும் தொங்குச்சே?"

"சுருக்கிட்டேன்."

"நிறமும் கூடியிருக்கே?"

"தண்ணியில போட்டேன். சாயம் ஏறிருச்சு."

"எல்லாருக்கும் இறங்கும். உங்களுக்கு ஏறுதாக்கும்" என்றபடி பூமயில் கழுத்தைப் புரட்டினாள். உள்பக்கத்தில் வெள்ளை நூலால் என்னவோ தைத்திருந்தது. அவள் அப்பா கோயில் பக்கம் சங்குக் கடை வைத்திருந்தவர். வடநாட்டு யாத்திரீகர்களிடம் பாசியும் சங்கும் விற்று வளர்ந்தவளுக்கு இந்தி பேசவும் தெரியும், படிக்கவும் தெரியும். அவசரத்தில் நாகநாதன் இதை யோசிக்கவில்லை.

"யாருங்க கமலா?"

"எந்தக் கமலா?"

"இந்தா, இந்தியில தச்சிருக்கே. கமலானு."

நாகநாதனுக்கு வேர்த்துக் கொட்டியது. திருட்டை ஒப்புக்கொள்வதா, கமலாவை ஒப்புக்கொள்வதா? இரண்டுக்கும் நடுவில் ஒரு பொய் கிடைத்தது.

"அது டிசைன். பூ மாதிரி வரட்டும்னு போட்டேன். தானா இந்தியாயிருச்சு."

பூமயில் கழுத்தை மறுபடி உள்பக்கமாக மடித்தாள். "கமலான்னா தாமரைதான். பூவைச் சரியாத்தான் போட்டிருக்கீக" என்றாள். "குடுங்க, நானே பொட்டலம் கட்டுறேன்."

வசீம் போய்விட்டான். பொட்டலமும் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் நாகநாதனுக்கு நிஜமான குளிர் வந்தது. அந்தக் கமலாவுக்கு யார் பின்னியது? அம்மாவா, அப்பாவா? எந்த ஊரிலோ ஒருத்தர் தன் பிள்ளைக்குக் குனிந்து குனிந்து போட்ட கண்ணியை இவர் மகள் மாட்டிக்கொண்டு, 'அப்பா நல்லாப் பின்னியிருக்காரும்மா' என்று சொல்லப்போகிறாள். அவள் மன்னித்தாலும் அந்த மன்னிப்பு அவருக்கு வந்து சேராது. கமலா வீட்டுக்குத்தான் போகும். சோறு இறங்கவில்லை. புது வெட்டுப் படம் ஒன்று வந்தது. அதையும் பார்க்கவில்லை. மழை பெய்துகொண்டே இருந்தது. பாலத்தில் ரயில் போகிற சத்தத்தைக் கேட்டபடி படுத்தே கிடந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய போன் அடித்தது. பூமயிலுடையது இல்லை, அவருடையது. எடுத்தார். வீடியோவில் சிநேகா.

"அப்பா."

அவர் போனைக் கண்ணருகே கொண்டுபோனார். அவள் போட்டிருந்தது அவர் பின்னிய ஸ்வெட்டர். நண்டு நிற்காத அதே கண்ணி. நீளமான கையை மப்ளர் மாதிரி கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாள்.

"தலை நுழையலப்பா. கழுத்துல கத்திரி வச்சுட்டேன். பிரிய ஆரம்பிச்சிருச்சு. நர்ஸ்ல, நானே தையல் போட்டுட்டேன். கோவிச்சுக்காதீக."

நாகநாதன் போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார். பூமயில் நாற்காலியில் உட்கார்ந்து நாவல் படித்துக்கொண்டிருந்தாள்.

"பரண்ல இருந்ததை நீதான் வச்சியா? அப்ப அது?"

"லாட்ஜுக்கே குடுத்தனுப்பிட்டேன்" என்றாள் பூமயில், பக்கத்தைப் புரட்டியபடி. "கமலா தேடிக்கிட்டு வந்தா நான் என்ன பதில் சொல்றது?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை எடுத்தார். போனில் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவே பின்னுனதுனு அம்மா சொன்னப்ப நான் சத்தியமா நம்பலப்பா. பொட்டலத்தைப் பிரிச்சுப் பாத்ததும் நம்பிட்டேன்."