கேபிள் தேர்வுக் குழுவின் சீரிய பணிகள்

மனித இனம் நெருப்பைக் கண்டுபிடித்த நாள்முதலே, அதைப் பார்த்து முறைப்படி பயப்பட ஒருவர் பிறக்கமாட்டாரா என்று ஏங்கிக்கொண்டிருந்தது. ஏக்கம் வீண்போகவில்லை. அவர் பிறந்து, வளர்ந்து, கல்யாணமும் ஆகி, ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாகப் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறார். தேநீர் அறை அடுப்புக்கு மூன்று படிவம் கேட்டுக் கேட்டே, அந்த அறையில் தேநீரை ஒழித்த பெருமை அவருக்கு உண்டு.

அப்பேர்ப்பட்டவர் ஒரு புது ஸ்மார்ட்போன் வாங்கினார். காரணம் அப்பா. அப்பா நாலு தெரு தள்ளித் தனியாக இருக்கிறார். வயது எண்பதை நெருங்குகிறது. நம்மவரின் பழைய போன் நினைத்த நேரத்தில் அணைந்துவிடும். அப்பா கூப்பிட்டால் மகன் கிடைக்கவேண்டும், அதுதான் புதுப் போனின் ஒரே வேலை. அப்பாவின் பட்டன் போனில் ஒன்றை அழுத்தினால் நேராக மகனுக்குப் போகும்படி செய்துவைத்தார். இரண்டில் மருமகள் எண்ணை வைக்கவில்லை. வயதானவர், குழம்பிவிடுவார் அல்லவா?

போனோடு ஒரு கேபிளும் வந்தது. நல்ல கேபிள். வேறு யாராக இருந்தாலும் அதைச் சொருகிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். ஆனால், கைவசம் மாற்று இல்லாமல் எந்தக் கருவியையும் இயக்கக் கூடாது என்பது தொழிற்சாலை விதி. எழுதியவர் நம்மவர். ஆகவே வீட்டில் ‘மாற்றுக் கேபிள் தேர்வுக் குழு’ ஒன்று அமைக்கப்பட்டது. தலைவர் அவர், செயலாளர் அவர், கூட்டத்துக்கு வராத உறுப்பினர் அவர் மனைவி.

புதுக் கேபிளை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரி வேண்டுமே! வந்த கேபிளை உறையில் போட்டு, அரக்கு வைத்து, ‘மாதிரி – பயன்படுத்தலாகாது’ என்று எழுதி, வெள்ளிக்கிழமை அலுவலக பீரோவில் வைத்துப் பூட்டினார். சனி, ஞாயிறு அலுவலகம் கிடையாது.

சனிக்கிழமை காலை போனில் ஒன்பது சதவீதம் மிச்சம்.

“என்னங்க, என் கேபிளைப் போட்டுக்கோங்களேன்,” என்றாள் மனைவி.

அதைக் குழு ஏற்கெனவே ஆய்வு செய்து, ‘தடை’ என்று சிவப்பு அட்டை கட்டித் தொங்கவிட்டிருந்தது.

“இதுலதானே மூணு வருஷமா சார்ஜ் போடறேன்?”

“அதைத்தான் சொல்றேன். மூணு வருஷமா தப்பிச்சுட்டு இருக்கோம்.”

“இன்னும் ஒரு நாள் தப்பிச்சா குறைஞ்சா போயிடும்? மாமா கூப்பிட்டா என்ன பண்ணுவீங்க?”

“அவருக்காகத்தானே இவ்வளவு பாடு!” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, மாடிப்படிக்கு அடியில் ஒரு மொபைல் கடை. கேபிள்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின.

“இது பாதுகாப்பானதா?”

“கடிக்காது சார்.”

“சான்றிதழ் இருக்கா?”

“எனக்கே இல்ல சார். பத்தாவதோட நின்னுட்டேன்.”

“எவ்வளவு தாங்கும்?”

“உங்களைத் தாங்குமான்னுதான் பயமா இருக்கு.”

குழு அசரவில்லை. இருநூறு முறை மடக்கிப் பார்ப்பது என்று தீர்மானித்து, கடை வாசலிலேயே நின்று சத்தமாக எண்ண ஆரம்பித்தது. பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். நூற்று எழுபத்துநாலில் ஒயர் பிய்ந்து கையோடு வந்தது.

“பாத்தீங்களா? தரமில்லை!”

“நீங்களே கழுத்தைத் திருகிட்டு, நோஞ்சான்னு வேற சொல்றீங்களே சார்!”

ஏழாவது கேபிள் எல்லாச் சோதனையிலும் தேறியது. முத்திரை இருந்தது, தயாரித்த நிறுவனத்தின் முகவரி இருந்தது, எவ்வளவு மின்சாரம் தாங்கும் என்று அச்சிட்டும் இருந்தது. இதுவே நம்மவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

“இவ்வளவு சரியா இருக்கே, எப்படி?”

“தெரியாம நல்லா செஞ்சுட்டாங்க சார். மன்னிச்சு விட்டுடுங்க.”

வாங்கினார். வாங்கி, ‘பரிசீலனையில்’ என்று உறையில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டார். போன் எப்போதோ அணைந்திருந்தது. அணைந்த போன் தீப்பிடிக்காது என்ற எண்ணம் அவருக்கு ஒரு நிறைவைத் தந்தது.

வீட்டு வாசலில் மனைவி கையில் போனோடு நின்றுகொண்டிருந்தாள்.

“எங்கே போய்த் தொலைஞ்சீங்க? மாமா குளியலறையில மாட்டிக்கிட்டாராம். தாழ்ப்பாள் சிக்கிடுச்சு. ரெண்டரை மணி நேரம்! பக்கத்து வீட்டுல வேலை செஞ்ச தச்சர்தான் சத்தம் கேட்டு வந்து கதவை உடைச்சிருக்கார்.”

“போன்... போன் வச்சிருந்தாரா?”

“நீங்க சொன்ன மாதிரி கையோட கொண்டுபோனாராம். ஒண்ணை இருபத்தேழு தடவை அழுத்தினாராம்.”

அப்பா வீட்டுச் சுவரில் நம்மவர் ஒட்டியிருந்த ‘அவசர எண்கள்’ பட்டியலில் தீயணைப்பு, ஆம்புலன்ஸ், மகன் கைபேசி, மகன் அலுவலகம் என்று இறங்கி, கடைசி வரியில்தான் தச்சர் மருமகளைக் கண்டுபிடித்தாராம்.

நாலு தெருவையும் நம்மவர் ஓடியே கடந்தார். ‘ஓடாதீர்’ என்று படிக்குப் படி பலகை மாட்டியவர், பெற்ற தகப்பனுக்கு என்ன ஆயிற்றோ என்று ஓடினார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அப்பா துண்டைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முழங்கை சிராய்ந்திருந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. தச்சர் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் வைத்துக்கொண்டிருந்தார்.

“ஏன்டா எடுக்கல?”

“சார்ஜ் இல்லப்பா. நல்ல கேபிளா தேடிட்டு இருந்தேன்.”

“கிடைச்சுதா?”

“பரிசீலனையில இருக்குப்பா.”

தச்சர் பேச்சை மாற்றுவதாக நினைத்து, “சார் எங்கே வேலை பாக்குறீங்க?” என்று கேட்டார்.

பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக நம்மவர் தம் பதவியை மறைத்தார். “சும்மா... ஒரு கம்பெனியில.”

“கூச்சப்படறான், தம்பி,” என்றார் அப்பா, கட்டிய தொண்டையோடு. “பாதுகாப்பு அதிகாரி. இவன்கிட்ட குடுத்த பொருளுக்கு ஒரு நாளும் ஒண்ணும் ஆகாது. மனுஷங்களைத்தான் வேற யாராவது பாத்துக்கணும்.”