மேல்நட்டு அண்ணன்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நாலைவிட அஞ்சு பெரியது என்ற ஒரே கணக்கை நம்பி லாரிக்கு எண்ணெய் வாங்கியவன் நான். இத்தனைக்கும் வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன்.

அதைக் கண்டுபிடித்தவர் மேல்நட்டு அண்ணன். ஹூக்ளி ஆற்றுக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் அவரைப் போல ஒரு ஜாக்கிரதைப் பேர்வழி பிறந்ததில்லை. சாந்த்ராகாச்சியில் பட்டறை, ரயில்வே வேலைக்கு வந்த திருநெல்வேலிக் குடும்பம். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். எந்த வண்டியின் கியர் பெட்டியானாலும், எண்ணெய் ஊற்றுகிற மேல் நட்டு திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வடிக்கிற கீழ் நட்டைத் தொடுவார். அதோடு விட்டாரா? கெட்டிலில் இன்னும் டீ இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையிலிருக்கும் மண் குவளையைக் காலி செய்வார். பல் பிடுங்கப் போன இடத்தில், "மொதல்ல புதுப் பல்லக் காட்டுங்க டாக்டர்" என்று வாயை இறுக மூடிக்கொண்டார்.

போன மழைக்காலத்தில் சுந்தரவனப் பக்கம் வெள்ளம். எங்கள் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து அரிசி மூட்டைகள் திரட்டினோம். சேற்றில் போக நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வேண்டும். "என் லாரி இருக்கே" என்று மார்தட்டினேன். ஓய்வு பெற்றதும் ஆசைக்கு வாங்கிய கிழட்டு லாரி.

காலை ஆறு மணிக்குப் புறப்பாடு. முதல்நாள் மதியம் டாக்குரியாவில் என் வீட்டு வாசலில், வண்டிக்கு அடியில் படுத்து, எண்ணெய் மாற்றக் கியர் பெட்டியின் கீழ் நட்டைத் திறந்தேன். எண்ணெய் முழுவதும் வாளியில் இறங்கியது. மேல் நட்டு அசையவில்லை. ஸ்பானரோடு மல்லுக்கட்டியதில் அதன் முனைகள் மழுங்கி லட்டு மாதிரி ஆகிவிட்டது. எண்ணெய் இல்லாமல் தெருமுனைவரைகூட ஓட்ட முடியாது.

என் மனைவி குனிந்து பார்த்தாள். "அரிசியத் தலையில சுமந்துட்டுப் போயிருங்க."

அண்ணனுக்குப் போன் செய்தேன். "கீழ் நட்டயா மொதல்ல தொறந்தே?" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

பையோடு வந்து இறங்கியவர் என் டின்னைத் தூக்கிப் பார்த்தார்.

"ஜி.எல். அஞ்சுண்ணே. கடையில நாலும் இருந்துது. ஒசத்தியா இருக்கட்டும்னு..."

"ஏ பாபா. உள்ள பித்தள வளையம் இருக்கு தம்பி. இதுல இருக்கிற மருந்து அத அரிச்சிரும். ஒம் பெட்டிக்கு நாலுதான்."

"அப்ப இத ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கு ஊத்திருவோமா?" முன் சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துவிடும் பெட்டி அது.

"அதுக்குத் தண்ணி மாதிரி செவப்பு எண்ணெய். வண்டி புஸ்தகத்துலயே போட்டிருக்கே. எங்க புஸ்தகம்?"

அடியில் படுத்தபோது தலைக்கு வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். அவர் அதன் எண்ணெய்க் கறையை வேட்டியால் துடைத்தார்.

"அஞ்சு வீணாப் போகாது. பின் சக்கரத்து அச்சுக்கு ஆகும்" என்று ஆறுதல் வேறு.

சற்றே சின்ன சாக்கெட் ஒன்றை அந்த லட்டின் மேல் சுத்தியலால் அடித்து ஏற்றினார். கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகி இருவரும் தொங்கினோம். நட்டு 'டக்'கென்று விட்டது. நான் வாளிக்குள் உட்கார்ந்தேன். பையிலிருந்து நாலும் சிவப்பும் வெளியே வந்தன. நான் அஞ்சு வாங்கியிருப்பேன் என்று அவருக்குப் போனிலேயே தெரிந்திருக்கிறது.

மறுநாள் முழங்கால் சேற்றில் நான்கு சக்கரமும் இழுத்தன. அரிசி போய்ச் சேர்ந்தது.

கோயம்புத்தூரில் இருக்கும் மகள் அவரை வந்துவிடச் சொல்லி மூன்று வருடமாகக் கூப்பிடுகிறாள். போன வாரம் கிளம்புகிறார் என்று காதில் விழுந்ததும் லாரியை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன்.

"மூடிட்டுப் போறீங்களாமே அண்ணே?"

கெட்டிலை எட்டிப் பார்த்தார். என் லாரியைப் பார்த்தார். பிறகு என்னை.

"மொதல்ல ஒனக்கு வேற ஆளு கெடைக்கட்டும்."