ரயிலில் வராத பெண்மணி

"உண்மையைச் சொல்லுடா. அந்தப் பொம்பளை நான்தானே?"

பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது தொலைபேசியில் இப்படி ஒரு கேள்வி வந்தால் எந்த நாவலாசிரியருக்கும் வாயில் இருக்கும் நுரை உள்ளே போய்விடும். நம் எழுத்தாளருக்கும் போய்விட்டது. இருமி முடித்துவிட்டு, "எந்தப் பொம்பளை, அக்கா?" என்றார்.

"தெரியாத மாதிரி கேக்காதே. உன் புது நாவல்ல வர்றவ. ஐம்பது வயசுல கார் ஓட்டக் கத்துக்கிட்டு, ஒரு நாள் புருஷனை அம்போன்னு விட்டுட்டு வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிடுறாளே, அவதான். நம்ம குடும்பத்துல ஐம்பது வயசுல கார் ஓட்டக் கத்துக்கிட்டது யாரு?"

அக்காதான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நாயகி அக்கா இல்லை.

நாயகி எழுத்தாளரின் மனைவி. உச்சி முதல் உள்ளங்கால் வரை அவளேதான். இஸ்திரி போடும்போது இஸ்திரிப் பெட்டியோடு பேசுவது, கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுவது, செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது, கோபம் வந்தால் சத்தமே போடாமல் அலமாரியை ஒழுங்குபடுத்தத் தொடங்குவது, எல்லாம் அவளிடமிருந்து சுட்டவை. யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று நாயகியின் உயரத்தைக் கொஞ்சம் கூட்டினார், கன்னத்தில் ஒரு மச்சம் வைத்தார், இடது கையால் எழுத வைத்தார், கார் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவளைப் பார்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்லியிராத மனுஷர், காகிதத்தில் அவளைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் நிறுத்தத் தெரியாமல் எழுதித் தள்ளினார்.

வம்பு முடிவில்தான் வந்தது. எழுத எழுத, இப்படி ஒரு புருஷனோடு எந்தப் பெண்ணும் கடைசிவரை இருக்க மாட்டாள் என்று அவருக்கே தோன்றிவிட்டது. அந்தப் புருஷன் யாரை வைத்து எழுதப்பட்டவன் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே நாயகி போய்விட்டாள். மனைவி படித்துப் பார்த்துத் தன்னை அடையாளம் கண்டுகொண்டால், முடிவையும் ஒரு நல்ல யோசனையாக எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாளோ என்ற பயம் புத்தகம் அச்சுக்குப் போனதிலிருந்து அவரைப் பிடித்து ஆட்டியது. அவள் இல்லாமல் அவரால் ஒரு நாள் இருக்க முடியாது. இதையும் அவர் அவளிடம் சொன்னதில்லை.

"நீ இல்லை அக்கா," என்றார். "அந்தப் பெண் அமைதியான சுபாவம். ஒல்லியான உடம்பு."

"ஓகோ. அப்போ நான் குண்டு, வாயாடி. அதானே சொல்ல வர்றே?"

"ஐயோ, நான் அப்படியா சொன்னேன்?"

"சரி, நான் இல்லேன்னா யாரு? உன் பொண்டாட்டியா?"

அக்காவின் காதில் விழுந்தது அரை மணியில் மனைவியின் காதுக்கு வந்துவிடும்.

"அவளா? நல்லா கேட்டே போ! அவளை வச்சு எழுத என்ன இருக்கு?"

சொல்லிவிட்டுத் திரும்பினார். மனைவி துவாலையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"துவாலை கேட்டீங்களே," என்று அவர் தோளில் போட்டுவிட்டுப் போனாள். சற்று நேரத்தில் படுக்கையறையில் அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது, ஆகவே கண்டுபிடித்துவிட்டாள், ஆகவே உடனே மறுத்தாக வேண்டும். இப்படி மூன்று படி ஏறி, எழுத்தாளர் படுக்கையறைக்கு ஓடினார். அவள் மடித்து வைத்த துணிகளை எல்லாம் கட்டிலில் கொட்டி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என் நாவலைப் படிச்சியா?"

"வந்த அன்னைக்கே படிச்சேனே."

"முடிவு வரைக்குமா?"

"முடிவு வரைக்கும்."

"இங்க பாரு, நீ எதுவும் தப்பா நினைச்சுக்காதே. அது நீ இல்லை."

அவள் கை நின்றது. "இல்லையா?"

"சத்தியமா இல்லை. உன்னை வச்சு ஒரு வரிகூட எழுதலை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

இது மிரட்டல்தான் என்று எழுத்தாளர் முடிவு கட்டினார். "யோசிக்க என்ன இருக்கு? நீ இல்லவே இல்லை!"

"அந்தப் பொம்பளையும் இஸ்திரிப் பெட்டியோட பேசுறா."

ஆபத்தில் கைகொடுக்காத கற்பனை இருந்தென்ன லாபம்? எழுத்தாளரின் கற்பனை கைகொடுத்தது. "அதுவா! போன தடவை ரயில்ல வரும்போது எதிர் சீட்டுல ஒரு பெண்மணி இருந்தாங்க. கைப்பையோட பேசிக்கிட்டே வந்தாங்க. அதைத்தான் இஸ்திரிப் பெட்டின்னு மாத்தினேன்."

"தலையில கண்ணாடியை வச்சுக்கிட்டுத் தேடுறது?"

"அதுவும் அவங்கதான்."

"பேப்பரைக் கடைசிப் பக்கத்துல இருந்து படிக்கிறது?"

"அப்படித்தான் படிச்சாங்க. நானே அசந்துபோயிட்டேன்."

"எவ்வளவு நேரம் எதிர்ல இருந்தாங்க?"

"என்ன, ஒரு அரை மணி நேரம் இருக்கும்."

"அரை மணி நேரத்துல இத்தனையும் கவனிச்சுட்டீங்க."

"எழுத்தாளன் கண்ணாச்சே!" என்று சிரித்தார்.

"அந்த அம்மா கொடுத்து வச்சவங்க," என்றாள் அவள். அலமாரியின் அடுத்த தட்டையும் இழுத்துக் கட்டிலில் கொட்டினாள்.

குத்திக்காட்டுகிறாள் என்று எழுத்தாளருக்குத் தெரிந்தது. இருந்தாலும் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்ற நிம்மதியில் சாப்பிடப் போனார்.

நிம்மதி சாயங்காலம் வரைதான் தாங்கியது. அக்கா தானே காரை ஓட்டிக்கொண்டு வந்து, பக்கத்து வீட்டுக்காரர் வண்டி எடுக்க முடியாதபடி குறுக்கே நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள்.

"யார்றா அவ, ரயில்காரி?"

"உனக்கு யாரு சொன்னா?"

"உன் பொண்டாட்டிதான். வேற யாரு? போன்ல பேசும்போதே குரல் சரியில்லை. என்னன்னு கேட்டா, 'ஒண்ணுமில்ல அண்ணி, அவர் யாரையோ ரயில்ல பார்த்து எழுதியிருக்கார்'ங்கிறா. அவ கண்ணைப் பார்த்தியா? சிவந்து கிடக்கு. இந்த வயசுல உனக்கு இதெல்லாம் தேவையா?"

"அக்கா, அப்படி யாருமே கிடையாது!"

"அரை மணி நேரத்துல யாராலயும் ஒரு பொம்பளையை இவ்வளவு தெரிஞ்சுக்க முடியாது. நான் உன் பதிப்பாளருக்கே போன் போட்டுக் கேட்டுட்டேன், நீ எப்பெல்லாம் ரயில்ல போனேன்னு."

எழுத்தாளர் நாற்காலியில் சரிந்தார். பதிப்பாளருக்கு ஒரு விஷயம் தெரிந்தால் அதற்கு அட்டை போட்டு விற்றுவிடுவார். அப்படியே ஆயிற்று. மறுநாள் காலை அவரே அழைத்தார்.

"சார், இவ்வளவு பெரிய சமாசாரத்தை எங்கிட்ட மறைச்சுட்டீங்களே! சனிக்கிழமை கூட்டத்துக்கு இதையே தலைப்பா வச்சு நேத்தே விளம்பரமும் பண்ணிட்டேன். 'ரயிலில் வந்தவள் யார்? எழுத்தாளர் மனம் திறக்கிறார்.' எப்படி?"

"ஐயா, அப்படி யாரும் வரலை!"

"வராம எப்படி சார்? நேத்துல இருந்து மூணு அம்மாக்கள் போன் பண்ணி, அந்த ரயில்ல வந்தது நான்தான்னு சொல்றாங்க. ஒருத்தங்களுக்குக் கைப்பை என்ன நிறம்னுகூட ஞாபகம் இருக்கு."

சனிக்கிழமைக் கூட்டம் இரண்டு நாவலாசிரியர்களுக்கானது. பெண்களைப் பற்றி அண்மையில் எழுதிய இருவர், தங்கள் நாயகிகள் எங்கிருந்து வந்தார்கள் என்று மேடையில் பேச வேண்டும். இன்னொருவர் எழுத்தாளரின் கட்டடத்திலேயே கீழ்வீட்டில் இருக்கும் இளம்பெண். இப்போதுதான் முதல் நாவல் வந்திருந்தது. அன்று மதியம் அதைக் கொடுக்க வந்தவளிடம், "சபாஷ், நல்லா எழுதும்மா," என்று சொல்லிவிட்டு எழுத்தாளர் புத்தகத்தை மேசைமேல் வைத்தார். மனைவி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தன் நாவலை விட்டுவிட்டு யாருடையதையோ படிக்கட்டும் என்று எழுத்தாளருக்கு உள்ளூரச் சந்தோஷம். சாயங்காலம் எட்டிப் பார்த்தார். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து அவர் பார்த்தே வெகு நாளாகியிருந்தது.

"என்ன கதை?"

"ஒரு சாதாரணப் பொம்பளையோட கதை," என்றவள் புத்தகத்தை மூடிவிட்டாள். சிரிப்பையும்.

சனிக்கிழமை காலை அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டாள். இஸ்திரிப் பெட்டியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காலரில் சுருக்கம் விழுந்தாலும் கையில் சுட்டாலும் அதைத் திட்டுகிறவள், ஊமையாக நின்று தேய்த்தாள். எழுத்தாளருக்கு 'நீதான், முழுக்க முழுக்க நீயேதான்' என்று சொல்லிவிடலாம் என்று தொண்டை வரை வந்தது. அதற்குள் அவள், "நானும் இன்னைக்குக் கூட்டத்துக்கு வர்றேன்," என்றாள்.

கூட்டம் எதற்கும் வராதவள். அதுவும் எப்போதோ வாங்கி உடுத்தாமலே வைத்திருந்த நல்ல உடையை எடுத்துக் கட்டிலில் விரித்திருந்தாள். பக்கத்தில் ஒரு கைப்பை. நாவலின் கடைசி அத்தியாயத்தில் நாயகியும் நல்ல உடையை உடுத்திக்கொண்டு கைப்பையோடுதான் கிளம்புவாள். தொண்டை வரை வந்ததை எழுத்தாளர் அப்படியே விழுங்கிவிட்டார். அன்று அதை விழுங்கியதற்காக அவர் பிற்பாடு வருந்தாத நாள் இல்லை.

அரங்கம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் மனைவி. அவளுக்குக் காவலாக அக்கா. ரயிலில் வந்ததாகச் சொன்ன மூன்று அம்மாக்களும் ஆளுக்கொரு கைப்பையோடு வந்திருந்தார்கள். தங்களுக்குள் பேசிக்கொள்ளவில்லை. பதிப்பாளர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் காத்திருக்கோம் சார். அந்தப் பெண் யார்?" என்றார்.

எழுத்தாளர் எழுந்து நின்றார். இரண்டு நாள் யோசித்து ஒரு வழி தயாரித்து வைத்திருந்தார். ரயில்காரியையும் ஒழிக்க வேண்டும், மனைவியின் சந்தேகத்தையும் ஒழிக்க வேண்டும். இனி எந்தக் காலத்திலும் மாற்றிப் பேச முடியாதபடி ஊரறிய ஒழிக்க வேண்டும்.

"நண்பர்களே, ரயில்ல யாரும் வரலை," என்றார்.

மூன்று கைப்பைகளும் ஒரே நேரத்தில் எழுந்து வெளியேறின.

"அப்போ யாருடா?" என்று முதல் வரிசையிலிருந்தே அக்கா கேட்டாள். "எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு!"

"யாருமே இல்லை!" என்று எழுத்தாளர் குரலை உயர்த்தினார். "அப்படி ஒரு பெண் ரயில்ல இல்லை, தெருவுல இல்லை, என் வீட்டுலயும் இல்லை. முக்கியமா என் வீட்டுல இல்லை. என் வாழ்க்கையில எந்தப் பெண்ணையும் நான் அவ்வளவு உன்னிப்பா கவனிச்சது கிடையாது. முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் வெறும் கற்பனை. என் மனைவி மேல ஆணையா சொல்றேன்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அக்கா தலையை ஆட்டித் தம்பியை மன்னித்தாள். மனைவியும் மெதுவாகத் தட்டினாள். அதைப் பார்த்ததும் எழுத்தாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நம்பிவிட்டாள். இனி அவள் எங்கேயும் போக மாட்டாள். நாற்காலியில் சாய்ந்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து நிம்மதியாக ஒரு மிடறு குடித்தார்.

ரகசியம் புஸ்ஸென்று போனதில் பதிப்பாளருக்கு முகம் வாடிவிட்டது. வேறு வழியில்லாமல் பக்கத்திலிருந்த கீழ்வீட்டுப் பெண்ணின் பக்கம் ஒலிபெருக்கியைத் தள்ளி, "உங்க நாவல்ல வர்றவங்களும் கற்பனைதானா?" என்றார்.

"இல்ல சார்," என்று அவள் கூச்சத்தோடு ஒலிபெருக்கியைப் பிடித்தாள். "எனக்கு இவர் அளவுக்குக் கற்பனை வராது. என் நாயகி நிஜமான ஆள். மாடிப்படியில உட்கார்ந்து அவங்க ஒரு நாள் சொன்னதை வச்சுத்தான் முழுசும் எழுதினேன். 'அவர் புத்தகம் ஒவ்வொண்ணும் வந்ததும் முதல் ஆளா எடுத்து, எங்கேயாவது நான் வந்திருக்கேனான்னு தேடுவேன்மா, இதுவரைக்கும் ஒரு பக்கத்துலகூட நான் இல்லை'ன்னாங்க. ஆன்ட்டி, கொஞ்சம் எழுந்து நில்லுங்களேன், எல்லாரும் உங்களைப் பார்க்கட்டும்."